மஞ்சள் பந்தும் ஆறு பத்து பாசஞ்சரும்

ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். ஒரு ஜங்ஷன், அங்கே ஒரு ரயில்வே இன்ஸ்டிடியூட், அதற்குள் வெள்ளைக்காரன் காலத்து பிலியர்ட்ஸ் மேசை ஒன்று. அவ்வளவு போதும். கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள், அதனால் காதைக் கொஞ்சம் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷ் பிலியர்ட்ஸில் மூன்றே பந்துகள். சிவப்பு பொது. வெள்ளை ஒருவருக்கு, மஞ்சள் மற்றவருக்கு. அவரவர் பந்தைத்தான் க்யூ குச்சியால் அடிக்க வேண்டும். எதிராளியின் பந்தை அடித்தால் ஃபவுல். தப்பான பந்தை நோக்கி ஒருவர் குனிவதைக் கண்டாலும் ரெஃபரி முன்கூட்டி வாய் திறக்கக் கூடாது. ஆனால் நிறம் தெரியவில்லை என்று ஆட்டக்காரரே கேட்டால் சொல்லியாக வேண்டும்.

போன மார்கழியில் அங்கே ஊழியர்களுக்குள் போட்டி. ரெஃபரி, கார்டு விருத்தகிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட வந்தவர் டிரைவர் பாக்கியநாதன். இருவரும் ஞாயிறு தவிர தினமும் காலை ஆறு பத்து பாசஞ்சரில் போகிறவர்கள். டிரைவர் முன்னால் எஞ்சினில், கார்டு கடைசிப் பெட்டியில்.

ஆட்டத்துக்கு முன் பாக்கியநாதன் அவரைத் தனியே கூப்பிட்டார். "விருத்தகிரி, நான் கலர் கேட்டா காதோட சொல்லிடு. வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் போல என்று நினைத்த விருத்தகிரி, "என் பிள்ளை மேல சத்தியம்ணே" என்றுவிட்டார். எதற்கெடுத்தாலும் பிள்ளையை இழுக்கிற புத்தி சிலருக்கு!

அந்த ஆட்டத்தில் பாக்கியநாதன் ஏழு முறை கேட்டார். "இதுல எது வெள்ளை?" விளக்குக்கு நேர் கீழே, மூன்றடி தூரத்தில், பளிச்சென்று கிடக்கின்றன இரண்டும். ஏழாவது முறைதான் விருத்தகிரிக்கு உறைத்தது. மஞ்சள் சிக்னல் என்றால், வேகத்தைக் குறை, அடுத்தது சிவப்பாக இருக்கலாம் என்று அர்த்தம். இந்த மனிதருக்கோ மஞ்சள் சிக்னலும் வெள்ளைத் தெருவிளக்கும் ஒன்று.

கண் கெட்டவர் போட்டிக்கு வருவானேன் என்பீர்கள். ஐந்து வருஷமாகக் கோப்பை அவரிடம்தான். வராமல் இருந்தால்தான் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் விருத்தகிரி கெஞ்சினார். "லீவு போடுங்கண்ணே. டாக்டரைப் பாருங்க."

"பார்த்தா அன்ஃபிட்னு எழுதி இறக்கிடுவாங்க. முப்பத்தோரு வருஷம் எஞ்சின்ல இருந்தவன் பார்சல் ஆபீஸ்ல உட்காரவா? பக்கத்துல அசிஸ்டென்ட் இருக்கார். அவர் சிக்னலைப் பார்த்துக் கூவறார், நான் அதையே திருப்பிச் சொல்றேன். ஒண்ணும் ஆகாது. நீ சத்தியம் பண்ணியிருக்கே, மறந்துடாதே."

ஐயோ, அடுத்த ஆறு நாள்! ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி கிளம்பலாம் என்று பச்சைக் கொடி காட்ட வேண்டியவர் விருத்தகிரிதான். வேறு வழியில்லாமல் காட்டினார். பனியில் முன்னால் சரியாகத் தெரியாது. பிரேக்கைப் பிடித்தபடி, வளைவு வரும்போதெல்லாம் கழுத்தை நீட்டி சிக்னலைத் தேடினார். புதன்கிழமை ஒரு பாலத்துக்கு முன்னால் மஞ்சள் விழுந்திருந்தது. வண்டி குறையவே இல்லை. 'போச்சு' என்று அவர் பிரேக்கை இழுக்கப் போன நேரத்தில், வண்டி குலுங்கிக் குறைந்தது. அசிஸ்டென்ட் இரண்டாம் தடவை கத்தினாராம். அன்று விருத்தகிரிக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று கிளம்புவார், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், பயந்து உட்கார்ந்துவிடுவார்.

ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். எதிராளி டிக்கெட் பரிசோதகர் நசீர். முதலில் இருநூறு பாயின்ட் எடுப்பவருக்குக் கோப்பை. பாக்கியநாதன் நூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருந்தார். முன்வரிசையில் அவருக்கு மேலதிகாரியான இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். அதனாலோ என்னவோ, இந்த முறை நிறம் கேட்கவில்லை. நேராகப் போய் மஞ்சள் பந்துக்குப் பின்னால் குனிந்தார். அவருடையது வெள்ளை.

நசீர் திகைத்துப்போய் ரெஃபரியைப் பார்த்தார். விருத்தகிரியின் முகம் வெளிறிக் கிடந்தது. ஆட்டம் முழுக்க இவர்கள் ஏன் காதோடு காதாகப் பேசினார்கள் என்பது அப்போது நசீருக்குப் புரிந்தது. சட்டென்று மேசை மேல் கையை வைத்தார். "அண்ணே, இருங்க. எனக்குத் தோள் வலி தாங்கல. விட்டுக் கொடுத்துடறேன். கோப்பை உங்களுக்குத்தான்."

ஹாலே கைதட்டியது. பந்தை அடிக்கவில்லை, ஆகவே ஃபவுலும் இல்லை. ரெஃபரியின் வேலை முடிந்தது. ஆனால் விருத்தகிரி எண்ணிப் பார்த்தார். இதுவரை மறைத்தவர்கள் இரண்டு பேர், இப்போது மூன்று. இனி நாளைக் காலை வண்டியை யார்தான் நிறுத்துவது?

"சார்!" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கத்தினார். "இவருக்கு மஞ்சள் தெரியல சார்! நாளைக்கு இவரை எஞ்சின்ல ஏத்தாதீங்க!"

கைதட்டல் நின்றது. பாக்கியநாதன் க்யூவைக் கீழே வைத்தார். "உண்மைதான் சார். வேற ஆளைப் போடுங்க" என்றார். பிறகு விருத்தகிரியிடம் திரும்பினார். "ஆறு நாள் என் வண்டியில வந்தியே, உனக்குப் பயமா இல்லையா?"

"செத்துப் பொழைச்சேன்ணே."

"பின்னே ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

விருத்தகிரி அழுதுவிட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கோப்பையையே விட்டுக் கொடுத்து ஒரு மனிதரின் மானத்தைக் காத்தார் நசீர். பிள்ளை மேல் செய்த சத்தியத்தை நாலு பேர் நடுவே உடைத்தார் விருத்தகிரி. மறுத்துச் சாதிக்க வழியிருந்தும் ஒப்புக்கொண்டார் பாக்கியநாதன். இதில் யார் செய்தது சரி?

என் விடை இது. நசீர் தன் கோப்பையை மட்டும் கொடுத்திருந்தால் கும்பிடு போடுவேன்; வண்டியில் வருகிறவர்களின் உயிரையும் சேர்த்தல்லவா கொடுக்கப் பார்த்தார்! பாக்கியநாதன் ஒப்புக்கொண்டது பிடிபட்ட பிறகு. எஞ்சினில் இருவர் சிக்னலைக் கூவுவது, இருவரும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதற்காக. அவர் பார்க்காமலே கூவினார். செய்தது சரி விருத்தகிரிதான். அடுத்தவர்களின் உயிரைப் பணயம் வைத்துச் சத்தியம் செய்ய யாருக்கும் உரிமையில்லை, அதை உடைத்தால் பாவமும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் செய்தது எவ்வளவு சரியோ, திங்கள் முதல் சனி வரை செய்தது அவ்வளவு தப்பு. என்ன இவ்வளவு கறாராகப் பேசுகிறாய் என்பீர்கள். அந்த ஆறு நாளும் ஆறு பத்து பாசஞ்சரில் வேலைக்குப் போனவன் நான். மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம். நன்றாகத் தூங்கிக்கொண்டு போனேன்.