அஞ்சறைப்பெட்டி இங்கிலீஷ்

“இந்த மனுசனை நீங்களே வச்சுக்கோங்க சிஸ்டர். எனக்கு வேண்டாம்.”

செண்பகவல்லி அப்படிச் சொல்லி, கணவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். ரேஷன் கடையில் புழுத்த அரிசியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் மூட்டையை வைப்பது போல வைத்தாள்.

தளவாய் உட்கார்ந்தார். ஐம்பது வயது மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டார்.

சிஸ்டர் ஃப்ளோரா மேசையில் அப்பம் வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்து மாதா கோயில்களுக்கெல்லாம் பூசைக்கு வேண்டிய அப்பம் அந்தக் கன்னியர் மடத்திலிருந்துதான் போகிறது. கோதுமைத் தகட்டின் மேல் அச்சை அழுத்தினால் வட்டமாக விழும்.

சிஸ்டர் செண்பகத்தைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் அந்த ஊரில் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் தகராறு என்றால் கடைசித் தீர்ப்பு அவருடையது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர், வக்கீல் குமாஸ்தா, எல்லோரும் அந்த மேசை முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள்.

“என்ன செய்தார்?”

“என்ன செய்யலன்னு கேளுங்க.”

சிஸ்டர் கேட்கவில்லை. அச்சை அழுத்தினார்.

யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருக்கிற பழக்கம் செண்பகத்துக்குக் கிடையாது.

“இவுக வேலை பாக்கிற தீப்பெட்டிக் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கான். ஆபீஸ்ல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் இங்கிலீஷ்ல லெட்டர் எழுதணுமாம். எழுத வராதவனெல்லாம் மருந்து ரூமுக்குப் போகணுமாம். தீக்குச்சிக்கு இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் பத்துமா சிஸ்டர்?”

“மருந்து ரூமா?”

“குச்சியை மருந்துல முக்குற இடம். கல்யாணமான புதுசுல இவுக அங்கதான் வேலை பாத்தாக. வீட்டுக்கு வந்தா இழுப்பு. படுக்க முடியாது. சுவத்துல சாய்ஞ்சு உக்காந்தே தூங்குவாக. நான் முதுகைத் தடவிவிட்டுக்கிட்டே இருப்பேன். மறுபடி அந்த வாடை பட்டா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கினதே தெரியாமல் ஏறியும்விட்டது.

“போன வாரம் டிக்டேஷன் வச்சான். இவுக ஃபெயில். நாளைக்குக் காலையில இன்னொரு தடவை வைக்கிறான். அதுலயும் போச்சுன்னா மருந்து ரூம்தான்.”

“நீங்க சொல்லிக் கொடுக்கலயா?”

“நான் சொல்லிக் கொடுக்கலயா!”

செண்பகம் பையிலிருந்து அஞ்சறைப்பெட்டியை எடுத்து மேசையில் ணங்கென்று வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

கடுகும் இல்லை, சீரகமும் இல்லை. கிண்ணம் கிண்ணமாகச் சீட்டுகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துப் பின்பக்கத்தில் எழுதியவை. ஒரு கிண்ணத்தில் வார்த்தைகளின் தலை: அன், ரீ, டிஸ். ஒன்றில் உடம்பு. இன்னொன்றில் வால்: இங், எட், நெஸ், ஃபுல். சீட்டுகளில் இன்னும் வெந்தய வாசம் போகவில்லை.

“தலை, உடம்பு, வால்னு பிரிச்சுப் பிரிச்சு ஊட்டினேன் சிஸ்டர். பச்சைப்பிள்ளைக்குக் கூட அப்படி ஊட்டியிருக்க மாட்டேன். ஈ-யில முடிஞ்சா ஈ-யைக் கழட்டு. ஒய்-யில முடிஞ்சா ஐ-யா மாத்து. கட், கட்டிங். ரன், ரன்னிங். பிகின், பிகினிங். கடைசி எழுத்தை ரெண்டாக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரூலைச் சொல்லுவாக. கேட்டுப் பாருங்க.”

தளவாய் வாயைத் திறந்தார்.

“வால் ஒட்டும்போது கடைசி எழுத்து ரெண்டாகும்,” என்றாள் செண்பகம்.

தளவாய் வாயை மூடிக்கொண்டார்.

“ரூல் தெரிஞ்சும் ஏன் ஃபெயில்?” என்றார் சிஸ்டர்.

“ஓபனிங்குக்கு ரெண்டு என் போட்டிருக்காக! ஆர்டரிங்குக்கு ரெண்டு ஆர்! கண்ணுல பட்டதையெல்லாம் ரெண்டாக்கி வச்சிருக்காக. ஓபனிங் தெரியாதா சிஸ்டர்? பஜார்ல எந்தக் கடையைத் திறந்தாலும் வாசல்ல ஆளுயரத்துக்கு எழுதி வைக்கிறான். அன்னைக்குக்கூட ஜவுளிக்கடை வாசல்ல அந்தப் போர்டுக்குக் கீழ நின்னுதான் லட்டு வாங்கித் தின்னாக. கண்ணு பூரா லட்டு மேலேயே இருந்திருக்கு.”

“நல்ல லட்டு,” என்றார் தளவாய்.

“நீங்க பேசாதீங்க.”

சிஸ்டர் தகட்டைத் திருப்பி வைத்தார்.

“ரூல்ல சந்தேகம் எதுவும் கேட்டாரா?”

“கேக்காம? லிசனிங்குக்கு ஒரு என்தானே வருது, ரூல் இடிக்குதேன்னாக. கான்வென்ட்ல படிச்சது நீங்களா நானான்னு கேட்டேன். முதல்ல ரூல், கேள்வியெல்லாம் அப்புறம்னு சொன்னேன். அதோட சரி, வாயைத் திறக்கல.”

“அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னீங்களா?”

“நேரம் எங்க இருக்கு சிஸ்டர்?”

சிஸ்டர் அச்சைக் கீழே வைத்தார். சுவரில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்கான கரும்பலகை இருந்தது. சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

“சார், கார்டனிங்னு எழுதுங்க.”

தளவாய் எழுந்தார். மனைவியைப் பார்த்தார். எழுதினார்.

ரெண்டு என்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா! இதைத்தான் நான் வீட்டுல தினம் பாக்கிறேன். இதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு பிரஷர்.”

சாக்பீஸ் தூள் பட்டுத் தளவாய் இருமினார். இருமல் இழுப்பாக மாறப் பார்த்தது. செண்பகத்தின் கை பைக்குள் போய் இன்ஹேலரோடு வெளியே வந்தது. மூடியைக் கழற்றிக் குலுக்கி அவர் கையில் வைத்தாள். திட்டு மட்டும் நடுவில் நிற்கவில்லை.

“...மண்டையா அது? மாவு சலிக்கிற சல்லடை. மெதுவா இழுங்க. இன்னொரு தடவை. சல்லடையில கூடக் கொஞ்சம் தங்கும்.”

அவருக்கு மூச்சு சீரானது.

சிஸ்டர் பலகையைத் துடைத்தார்.

“செண்பகம்மா, சமையல்கட்டுல அப்பத்தோட ஓரத் துண்டெல்லாம் ஒரு டின்ல இருக்கும். எடுத்துட்டு வாங்களேன்.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

“நாளைக்குப் பரீட்சைன்னு சொல்லிக்கிட்டிருக்கேன், இவங்க பலகாரம் கேக்கிறாங்க.” முணுமுணுத்தாலும் போனாள். அந்த டின் எங்கே இருக்கும் என்று அங்கே படித்தவளுக்குத் தெரியும்.

செருப்புச் சத்தம் உள்ளே போய் மறைந்தது.

யாரும் சொல்லாமலே தளவாய் பலகைப் பக்கம் திரும்பினார். கார்டனிங் என்று எழுதினார்.

ஒரு என்.

“எப்படித் தெரியும்?” என்றார் சிஸ்டர்.

“ரெண்டு போட்டா கண்ணை உறுத்துதே.”

“அப்போ முதல்ல ஏன் ரெண்டு போட்டீங்க?”

அவர் அஞ்சறைப்பெட்டியைப் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

“பிகினிங்குக்கு மட்டும் ஏன் சிஸ்டர் ரெண்டு?”

“பிகின்னு வாய்விட்டுச் சொல்லுங்க. குரல் எங்க அழுத்துது?”

“பிகின். பின்னால.”

“கார்டன்?”

“முன்னால.”

“பின்னால அழுத்தினா ரெண்டு. முன்னால அழுத்தினா ஒண்ணு.”

தளவாய் இரண்டையும் மறுபடி சொல்லிப் பார்த்தார். ஓபன், ஆர்டர், லிசன் என்று அவராகவே ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு ஆள் பத்து வயது குறைந்து தெரிந்தார்.

செருப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது.

செண்பகம் டின்னோடு வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

“இது யார் எழுதினது?”

“சார்தான்.”

“சும்மா சொல்லாதீங்க சிஸ்டர். நீங்க எழுதிக் காட்டியிருப்பீங்க.”

சேலைத் தலைப்பால் அவளே பலகையை அழித்தாள். டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எங்க, என் கண்ணு முன்னால எழுதுங்க பாப்போம்.”

தளவாய் எழுதினார். ஒரு என் போட்டார். கை நின்றது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு என் போட்டார்.

“கடவுளே! இதுதான் சரியா எழுதின லட்சணமா? அதுக்குள்ளயா மறந்துபோச்சு?”

சிஸ்டர் டின்னிலிருந்து ஒரே ஒரு ஓரத் துண்டை எடுத்துக்கொண்டார்.

“போதும். டின்னை உள்ள வச்சுட்டு வாங்க செண்பகம்மா.”

“ஒரு துண்டுக்காகவா என்னை...”

இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். வாசலைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். சாக்பீஸ் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

“ஓகோ. அப்படி வர்றீங்களா? நான் நின்னா இவுகளுக்கு எழுத வராது. நான் போயிட்டா வந்துரும். அதானே?”

சிஸ்டர் மறுபடி அச்சைக் கையில் எடுத்தார்.

“அப்போ போன வாரம்? கம்பெனி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு எழுதினாகளே, அங்க நானா நின்னேன்? அந்த நேரத்துல நான் வீட்டுல இட்லிக்கு ஆட்டிக்கிட்டு இருந்தேன் சிஸ்டர்! பழி போடுறதுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? நீங்க என்ன சொல்றது, இவுகளே சொல்லட்டும். சொல்லுங்க! பரீட்சை ரூம்ல நான் இருந்தேனா?”

தளவாய் சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்தார். கையில் ஒட்டிய தூளைத் தட்டினார்.

“இருந்தியே,” என்றார்.