தளவாயின் பெரிய எருமை

நெடுங்கரை மன்னர் உக்கிரகேசரிக்குப் பெயரில் மட்டும்தான் உக்கிரம். ஆசை மலையளவு, தைரியம் கடுகளவு. அவருக்கு வாய்த்த தளவாய் மகாராணியின் தம்பி இரணமுத்து. வாள் பிடிக்கத் தெரியாது. மீசை முறுக்க நன்றாகத் தெரியும்.

ஆற்றின் நடுவே ஒரு நாணல் திட்டு. மன்னருக்கும் அதன்மேல் கண், அக்கரை ராணி உலகநாச்சிக்கும் கண். அங்கே யாரும் படை இறக்கக் கூடாது, இறக்கினால் திட்டு மற்றவருக்கு என்பது இரு நாட்டு உடன்படிக்கை.

"உடன்படிக்கையை மீற வேண்டாம் அத்தான், நம் சட்டத்தை மாற்றிவிடுவோம்" என்றார் இரணமுத்து. "இன்று முதல் சிப்பாய்க்கு நாணல்வெட்டி என்று பெயர். வேலுக்குத் துரட்டி. யானைக்குப் பெரிய எருமை. படையே இல்லாத நாடு எப்படிப் படை இறக்கும்?"

சபை கைதட்டியது. அரசவை விகடர் மாடக்கண்ணுவுக்கு வயிறு எரிந்தது. இந்த அறிவுக்கொழுந்துக்கு மாதச் சம்பளம் வேறு!

"மகாராஜா, நம் சட்டம் நம் கரையோடு சரி. அக்கரையில் யானையை யானை என்றுதானே சொல்வார்கள்?"

"கோமாளிக்குச் சட்டம் என்ன தெரியும்?" என்றார் தளவாய்.

சட்டத்தை முரசறைந்து அறிவித்தாயிற்று. தளவாயே தலைமை தாங்கித் திட்டில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் அத்தனை பேரும் பிடிபட்டார்கள். கூடப் போன பட்டத்து யானை மட்டும் புத்திசாலி; நீந்தித் திரும்பிவிட்டது.

ராணியிடமிருந்து தூதன் வந்தான். "இவர்கள் யார்? படை என்றால் திட்டு எனக்கு. நாணல்வெட்டிகள் என்றால் நாணல் திருடர்கள்; எங்கள் சட்டப்படி கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதையில் ஏற்றுவோம்."

மன்னருக்கு வியர்த்தது. "மாடக்கண்ணு, திட்டும் போகக் கூடாது, மைத்துனன் கழுதையும் ஏறக் கூடாது. மகாராணியிடம் யார் திட்டு வாங்குவது? காரியம் கெட்டால் உன் தலை போகும்!"

தப்பு செய்தவன் மைத்துனன், தலை மட்டும் என்னுடையதா என்று பொருமிக்கொண்டே மாடக்கண்ணு அக்கரைக்குப் போனார்.

"இவர்கள் நாணல் திருடர்களா?" என்றார் ராணி.

"ஒரு நாணலாவது வெட்டினார்களா தாயே? வெட்டத் தெரிந்தால்தானே!"

"அப்படியானால் படைதான்."

"படைதான் தாயே."

கட்டுண்டு நின்ற தளவாய் பல்லைக் கடித்தார். ராணி எழுந்தார். "திட்டு எனக்கு!"

"பொறுங்கள். எங்கள் சட்டத்தில் சேனைக்குப் படை என்ற பெயர் போய்விட்டது. மிச்சமிருப்பது தோலில் வரும் படை ஒன்றுதான். எங்கள் தளவாய்க்கு முதலில் அரிப்பெடுத்தது. அப்படியே இவர்களுக்கும் பரவி, திட்டுவரை வந்துவிட்டது. சொறி பரவியதற்காகத் திட்டைக் கேட்கலாமா?"

ராணி விழுந்து விழுந்து சிரித்தார். "நோயாளிகளைத் தண்டிப்பது பாவம். வைத்தியம் பார்த்து அனுப்புகிறேன். மறுபடி பரவினால் தோலையே உரித்துவிடுவேன்!"

எல்லோருக்கும் தலையை மழித்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை, படைக்கு மருந்தாகும் மஞ்சள் நிறப் பூவரசங்காய்ப் பாலைத் தடவினார்கள். தளவாய்க்கு மட்டும் இரண்டு பூச்சு. மீசையும் போயிற்று.

மஞ்சளாய்த் திரும்பி வந்தவர் சபையில் குதித்தார். "என்னைச் சொறி என்றான் அத்தான்! தண்டியுங்கள்!"

மன்னருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திட்டும் பிழைத்தது, நீயும் பிழைத்தாய். மாடக்கண்ணு, என்ன பரிசு வேண்டும்?"

"ஏழைக்கு ஓர் எருமை போதும், மகாராஜா. கொஞ்சம் பெரியதாக."

"இவ்வளவுதானா? கொடுத்தேன்!"

மாடக்கண்ணு வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். "பாகா, அந்தப் பெரிய எருமையை அவிழ்த்து என் வீட்டுக்கு ஓட்டு!"

பட்டத்து யானை மணியை ஆட்டிக்கொண்டு நகர்ந்தது. தளவாய் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "அடேய், அது யானை!"

மாடக்கண்ணு திரும்பிக் கும்பிட்டார். "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மீசையாவது மிஞ்சியிருக்குமே, தளவாய்!"