சத்தம் போடாத வண்டி

கிர்ர்ர்… டொக்.

இருட்டிவிட்டது. மாடங்களில் விளக்கு வைத்தாயிற்று. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிர்ர்ர்… டொக். கிர்ர்ர்… டொக். நரியும் இல்லை, ஆந்தையும் இல்லை, காற்றில் ஆடும் கதவும் இல்லை.

கேளுங்கள் கண்ணுகளா, மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில் நடந்தது இது. மேகத்தூர் என்று ஒரு மலைநாடு. அதை ஆண்டவன் மாறவேள். அவன் மனைவி செங்கோதை. அவள் மடியில் இன்னும் பல் முளைக்காத ஒரு பெண் குழந்தை.

செங்கோதைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று தெரியும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பயமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். நிறையப் பயம். ஆனால் அந்தப் பயத்தையும் கூட அழைத்துக்கொண்டே போய் எட்டிப் பார்ப்பாள்.

அன்றும் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் விளக்கோடு, படி இறங்கிப் போனாள். சத்தம் வந்தது அரண்மனை வண்டியிலிருந்து. வண்டிக்காரர்கள் மூன்று பேர் அதைக் கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு சக்கரம் வைத்த அழகான கூண்டு வண்டி. கூண்டு நேராக அச்சின் மேல் உட்காராது. நான்கு மூலையிலும் தடித்த தோல் வாரில் தொங்கும். பாதையின் குலுக்கலையெல்லாம் வார் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்குத் தொட்டில் ஆட்டம்தான். சக்கரத்தை ஒட்டி ஒரு மரக்கட்டை. கயிற்றை இழுத்தால் கட்டை சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும், வண்டி நிற்கும். அதற்குத் தடைக்கட்டை என்று பேர்.

இன்னும் சில நாளில் அந்த வண்டியில்தான் குழந்தை மலை இறங்கப் போகிறாள். அடிவாரத்து ஊரில் தாய்மாமன் காத்திருக்கிறான். அவன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். போகிற வழியோ ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டாள் செங்கோதை.

"சத்தமா, தாயே? எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றான் சாத்தன். அவன்தான் மூவரில் மூத்தவன்.

கிர்ர்ர்… டொக் என்றது வண்டி.

"ஓ, இதுவா! வண்டிக்கு வயசாகிறதல்லவா, அதுதான். என் மாமியார்கூட உட்காரும்போது இப்படித்தான் முனகுவாள்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தாள். செங்கோதை சிரிக்கவில்லை. நேரே கணவனிடம் போய்ச் சொன்னாள்.

மாறவேளின் முகம் கறுத்துப்போயிற்று. மேகத்தூரில் ஒரு நம்பிக்கை இருந்தது. பயணத்துக்கு முன்னால் வண்டி முனகினால் அபசகுனம். முனகலை நிறுத்திவிட்டால் சகுனம் சரியாகிவிடும். அதனால் அந்த ஊரில் வண்டி ஏன் முனகுகிறது என்று யாரும் கேட்பதே இல்லை.

"சத்தம் நிற்க வேண்டும். நிறுத்துகிறவனுக்குப் பட்டு" என்றான் அரசன்.

முதல் நாள், சாத்தன் ஒரு குடம் விளக்கெண்ணெயோடு வந்தான். அச்சில் ஊற்றினான். சக்கரத்தில் ஊற்றினான். தடைக்கட்டையையும் விடவில்லை. சாயங்காலம் 'கிர்ர்ர்' இல்லை, 'டொக்' மட்டும்தான். சாத்தன் தோளில் பட்டு ஏறியது.

செங்கோதை கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் விலாங்குமீனைத் தொட்டது போல வழுக்கிக்கொண்டு போயிற்று.

"சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற கட்டைக்கு எதற்கப்பா எண்ணெய்?"

"எண்ணெய் குடித்தால்தான் தூங்கும், தாயே."

இரண்டாம் நாள், கூத்தன் ஒரு மூட்டை இலவம்பஞ்சோடு வந்தான். கூண்டுக்கும் அச்சுக்கும் நடுவில் திணி திணி என்று திணித்தான். சாயங்காலம் 'டொக்' இல்லை. காதை வைத்துக் கேட்டால் 'பொத்' என்று மெதுவாக ஒன்று கேட்டது. கூத்தன் தோளிலும் பட்டு.

செங்கோதை பஞ்சை விலக்கிவிட்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். பின்பக்கத்து வார் ஒன்றில் பிளவு. அவள் சுண்டுவிரல் அதில் நுழைந்தது.

"வாரில் ஓட்டை இருக்கிறதே?"

"வெயிலுக்கு மூச்சு விடுகிறது, தாயே."

மூன்றாம் நாள், நாகன் வந்தான். மூவரில் கெட்டிக்காரன் அவன். எண்ணெயும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம் என்றான். கூண்டைச் சுற்றி வெண்கல மணிகளை வரிசையாகக் கட்டினான். சாயங்காலம் வண்டி வந்தபோது ஊரே வாசலுக்கு வந்து நின்றது. கல்யாண ஊர்வலம் மாதிரி கலகலவென்று மணியோசை. நாகனுக்கும் பட்டு.

செங்கோதை வண்டிக்கடியில் காதை வைத்தாள். மணியைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. சத்தம் இருந்தவரை அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை.

"கட்டை வழுக்குகிறது, வார் பிளந்திருக்கிறது" என்றாள் கணவனிடம்.

"மூன்று பேரும் வண்டி நன்றாக இருக்கிறது என்று என் முன்னால் சத்தியம் செய்திருக்கிறார்கள். அவர்களைவிட உனக்கு வண்டியைப் பற்றித் தெரியுமா, கோதை?"

"தெரியாது. தெரியாததால்தான் கேட்கிறேன். அவர்கள் தெரிந்தும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்."

அரசன் எழுந்து போய்விட்டான்.

பயணத்துக்கான நாள் வந்தது. அரண்மனை வாசலில், சரிவு தொடங்குகிற இடத்தில், சக்கரத்தின் கீழே கல் வைத்து வண்டியை நிறுத்தியிருந்தார்கள். மாடுகளை இன்னும் பூட்டவில்லை. செங்கோதை குழந்தையோடு வந்தாள். ஏறவில்லை.

"சாத்தா, கூத்தா, நாகா! இத்தனை பாடுபட்டது நீங்கள். முதல் சவாரி உங்களுக்குத்தான் நியாயம். மாட்டைப் பூட்டி அடிவாரம்வரை போய்த் திரும்பி வாருங்கள். அப்புறம் நானும் குழந்தையும் ஏறுகிறோம்."

அரசன் சிரித்தான். "நல்ல மரியாதை! ஏறுங்களடா!"

சாத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "காலையில் சாப்பிட்ட கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை, மகாராஜா."

கூத்தன் தலையைச் சொறிந்தான். "மச்சான் வீட்டில் இன்றைக்கு விசேஷம். போகாவிட்டால் பெண்டாட்டி வீட்டுக்குள் விட மாட்டாள்."

நாகன்தான் கெட்டிக்காரனாயிற்றே! சட்டென்று காலில் விழுந்தான். "அரசர் வண்டியில் அடியேன் உட்காருவதா! பாவம் பிடிக்காதா?"

அரசனின் சிரிப்பு நின்றது. மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஆனாலும் ராஜா அல்லவா, கொடுத்த பட்டை எப்படித் திரும்பக் கேட்பது? "சரி, நானே ஏறுகிறேன்" என்று படியில் கால் வைத்தான்.

செங்கோதை அவன் மேலாடையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு முன்னால் பூசணிக்காய் போகட்டும்."

சமையற்கட்டிலிருந்து பூசணிக்காய்கள் வந்தன. கூண்டு நிறைய ஏற்றினார்கள். தடைக்கட்டையின் கயிற்றை அரசனே பல்லைக் கடித்து இழுத்து இறுக்கிக் கட்டினான்.

"கட்டை பிடித்தால் வண்டி இங்கேயே நிற்கும்" என்றாள் செங்கோதை. "நின்றால் நான் வாயை மூடிக்கொண்டு ஏறிவிடுகிறேன்."

அரசன் சக்கரத்தின் கீழிருந்த கல்லைக் காலால் தள்ளினான்.

வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல நகர்ந்தது. எண்ணெய் குடித்த கட்டை சக்கரத்தைத் தடவிக் கொடுத்ததே தவிர, பிடிக்கவில்லை. வண்டி நடந்தது. வண்டி ஓடியது. வண்டி பறந்தது. முதல் பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது பின்வார் பட்டென்று அறுந்தது. கூண்டு ஒரு பக்கமாகச் சாய, பஞ்சு காற்றில் பறக்க, பூசணிக்காய்கள் ஒவ்வொன்றாகக் குதித்து உருண்டன. பாதை வளைந்தது, வண்டி வளையவில்லை. பாதாளத்துக்குள்ளிருந்து மணியோசை வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

குழந்தை மணி எங்கே என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

அரசன் அவளைக் கையில் வாங்கினான். "காது குத்து அடுத்த மாதம் இருக்கட்டும். வேறு வண்டி செய்யலாம். எண்ணெய் படாத கட்டை, புது வார். எது முனகினாலும் பிரித்துப் பார்ப்போம்." பிறகு குரலை உயர்த்தினான். "அந்த மூன்று பயல்களும் எங்கே?"

சாத்தன் நின்ற இடத்தில் சாத்தன் இல்லை. கூத்தன் நின்ற இடத்தில் கூத்தன் இல்லை. நாகன் விழுந்து கிடந்த இடத்தில் பட்டு மட்டும் கிடந்தது.

செங்கோதை கையை உயர்த்தி, கேளுங்கள் என்று சைகை காட்டினாள். வழியனுப்ப வந்த கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. வண்டிக் கொட்டகைப் பக்கம் ஓடுகிற காலடிகள், ஒரு பெரிய கதவு இழுபடுகிற ஓசை, பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

கண்ணுகளா, தான் ஏறி உட்காரத் துணியாத வண்டியை, அடுத்தவர் பிள்ளைக்கு நல்ல வண்டி என்று எவரும் சொல்லக் கூடாது.