மாலை போட்ட பாய்லர்

தாமரைக் குளத்தின் கரையில் விலங்குகள் ஒரு நெல் அவிக்கும் ஆலை நடத்தின. முதலாளி யானை. மேனேஜர் நரி. நெல்லைக் கொட்டி அள்ள நாலைந்து குரங்குகள். பாய்லரைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு முள்ளம்பன்றி.

வெள்ளிக்கிழமை வந்தால் முள்ளம்பன்றி அடுப்பை அணைத்துவிடும். பாய்லர் ஆறியதும் உள்ளே நுழைந்து, குளத்துத் தண்ணீர் விட்டுப்போன உப்பைச் சுரண்டும். சின்னத் துளைகளைத் தன் உதிர்ந்த முள்ளாலேயே குத்தி அடைப்பெடுக்கும். கடைசியில், மேலே இருக்கும் வால்வைத் தூக்கிப் பார்க்கும். ஆவி மிஞ்சினால் தானே திறந்து விசில் அடிக்கிற வால்வு அது.

நரிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

“நல்லா ஓடுற மெஷினை வாரம் ஒரு நாள் நிறுத்துறியே, உனக்கு என்ன வேண்டுதலா?”

“நல்லா ஓடணும்னுதான் நிறுத்துறேன், ஐயா!”

“பேச்சைப் பாரு! இனிமே வெள்ளிக்கிழமைன்னா பூஜை மட்டும்தான். சந்தனம், குங்குமம், பெரிய மாலை. கால் மணி நேரத்துல முடிச்சுட்டு வேலையைப் பாரு!”

குரங்குகள் கைதட்டின. பூஜை என்றால் பொரியும் வாழைப்பழமும் உண்டே!

“சந்தனத்தை வெளியே பூசுறீங்க. உப்பு உள்ளேல்ல இருக்கு?” என்றது முள்ளம்பன்றி.

“இன்னொரு வார்த்தை பேசினே, பாய்லருக்குப் பின்னால இருக்கிற உன் வளையைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடு!”

முள்ளம்பன்றி சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தது. அந்த வளையில் அதற்கு இரண்டு குட்டிகள். வெளியே அடைமழை.

ஐந்து வெள்ளிக்கிழமைகள் போயின. பாய்லர் கல்யாண மாப்பிள்ளை போல மினுமினுத்தது. உள்ளே உப்பு ஏற ஏற, நெல் வேகத் தாமதமானது. “விறகை அள்ளிப் போடுங்கடா!” என்றது நரி. குரங்குகள் போட்டன. வால்வு ‘வீல்’ என்று கத்தியது. மத்தியானத் தூக்கம் கெட்ட நரி எழுந்து வந்து, மாலையின் வாழைநாரால் வால்வை இறுக்கிக் கட்டிவிட்டது.

“ஐயா, கட்டாதீங்க! வெடிக்கும்!”

“அஞ்சு வாரமா வெடிச்சுதா? போய்க் கூட்டிப் பெருக்கு. முதலாளி வர்ற நேரம்!”

நரி வாசலுக்கு ஓடியது. முள்ளம்பன்றி ஒரு கணம் வளையைத் திரும்பிப் பார்த்தது. வெடித்தால் முதலில் போவது அதுதான். உடனே எரிகிற விறகையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டது. ஏறி நின்று நாரை அறுத்தது. பாய்லர் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ரொம்ப நேரம் மூச்சு விட்டது. வால்வு இன்னும் கட்டியிருப்பது போலத் தெரிய, முள்ளம்பன்றி மாலையை மட்டும் பழையபடி சும்மா தொங்கவிட்டது.

பிறகு குளக்கரைக்குப் போய் ஒரு கிழட்டுத் தவளையைக் கூப்பிட்டது.

“மாமா, பாய்லருக்குப் பின்னால என் வளை வாசல்ல உட்கார்ந்து கொஞ்சம் முனகணும். முடியுமா?”

“எனக்கு வேற என்ன தெரியும், மாப்ளே?”

யானை வந்தது. மாலையைப் பார்த்தது, குங்குமத்தைப் பார்த்தது. அதற்கு மனம் குளிர்ந்துவிட்டது. “பிரமாதம்!”

“எல்லாம் மேனேஜர் ஐயாவோட கைராசி, முதலாளி!” என்றது முள்ளம்பன்றி. “நிறுத்தாமலே ஓடுது. நீங்க அவருக்கு ஒரு மரியாதை செய்யணும். அவர் நாற்காலியைப் பாய்லரை ஒட்டியே போட்டுடலாம்!”

“அதுக்கென்ன? போடு! உட்காருய்யா நரி!”

நரி பல்லைக் காட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தது.

“கொர்ர்ர்...” என்றது பாய்லரின் அடிவயிறு.

நரியின் காது விறைத்தது. “என்ன சத்தம் அது?”

“எனக்குத் தெரியாதுங்க. நான் கூட்டிப் பெருக்குற ஆள்தானே!”

“கொர்ர்ர்ர்ரக்!”

“ஐயோ! வால்வைக் கட்டி வச்சிருக்கேன்! அஞ்சு வாரமா உள்ளே யாரும் சுத்தம் பண்ணலை! வெடிக்கப் போகுது!” நரி நாற்காலியோடு எகிறிக் குளத்தில் விழுந்தது.

பாய்லருக்குப் பின்னாலிருந்து தவளை எட்டிப் பார்த்தது. “இன்னும் முனகணுமா, மாப்ளே?”

குரங்குகள் உருண்டு புரண்டு சிரித்தன. யானை சிரிக்கவில்லை. மறுநாள் பாய்லர் ஆறியதும் கதவைத் திறக்கச் சொன்னது. உள்ளே யானையின் நகம் பருமனுக்கு உப்பு. ஒரு குழாய் காகிதம் போல மெலிந்திருந்தது.

“இவ்வளவு நாளா நீ பார்த்த வேலை இதுதானா? ஒருத்தருக்கும் தெரியலையேப்பா!”

“வெடிக்காத பாய்லரை யாருங்க திரும்பிப் பார்க்கிறாங்க!” என்றது முள்ளம்பன்றி, குழாயைத் தடவியபடியே.

யானை நரியை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதன் நாற்காலியைப் பாய்லரை ஒட்டியே நிரந்தரமாகப் போட்டுவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடிவதற்குள் நரியின் குரல்தான் முதலில் கேட்கும்: “முள்ளா! அடுப்பை அணைச்சிட்டியா? உள்ளே நல்லாச் சுரண்டுப்பா! வால்வை ரெண்டு தடவை தூக்கிப் பாரு!”

நன்றாக ஓடும்போதே நிறுத்திச் சரிபார்க்காத இயந்திரம், நாம் நினைக்காத நேரத்தில் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்து அழித்துவிடும்.