பக்கியின் கண்ணில் தங்கிய வெளிச்சம்

அந்தக் காலத்தில், ஊருக்கும் ஊருக்கும் நடுவே முதன்முதலாகச் சாலை போட்டிருந்த சமயம், பிராணிகள் மனிதர்களிடம் பேசுவதை இன்னும் விட்டிருக்கவில்லை. அப்போது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு செம்மண் பொட்டலில், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு பெண் பக்கி தவித்துக்கொண்டிருந்தாள்.

பக்கி என்பது காய்ந்த சருகின் நிறத்தில், தரையோடு ஒட்டி உட்காரும் குருவி. கூடு கட்டுகிற பழக்கம் அதற்கு இல்லை. நாலு கூழாங்கல் கிடக்கும் இடமாகப் பார்த்து வெறும் மண்ணிலேயே முட்டையிடும். அப்படி ஓர் இடம் தேடித்தான் அவள் வீட்டுக்காரன் சாலையோடு கிழக்கே பறந்து போனான். ஆவாரம் பூக்கும் முன்னே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆவாரம் பூத்து, காய்த்து, காயும் வெடித்துவிட்டது. அவனைக் காணோம்.

சாலையோரத்துப் பிராணிகளைப் படம் எடுத்துக்கொண்டு அடைக்கலம் என்று ஒருவர் வந்திருந்தார். தோளில் கேமராப் பெட்டி, கையில் ஒரு ஃபிளாஷ். அவர் கிழக்கேதான் போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து, வீட்டுக்காரனின் அடையாளத்தை எப்படிச் சொல்வது என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பிசகினாலும் யாரோ ஒருவனைப் பார்த்து, அவன்தான் இவன் என்று நினைத்துவிடுவாரே.

அந்தி சாயும் நேரம் அவள் சாலைக்கு வந்தபோது, மைல்கல் மேல் உட்கார்ந்து ஓணான் அடைக்கலத்தோடு வம்பு பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நேத்து எடுத்த படத்துல நான் செத்துப்போன மாதிரி இருக்கேனாமே. கீரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்."

"வெளிச்சம் வர்ற நேரம் பாத்துக் கண்ணை மூடினா நான் என்னப்பா செய்யட்டும்?"

"சந்தையில பாதி விலைக்கு வாங்கின ஃபிளாஷு. எப்ப எரியும்னு அதுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?"

அது உண்மைதான். அந்த ஃபிளாஷ் ஒரு தரம் எரிந்தால், அடுத்த தரம் எரிவதற்குள் வெற்றிலை போட்டு மென்று துப்பிவிடலாம். அதுவும் பக்கத்தில் போய் எரித்தால்தான் உண்டு. முயல், மயில், கீரி எல்லாருமே அவர் படத்தில் கண் மூடித்தான் இருந்தார்கள்.

பக்கி மெல்ல நகர்ந்து வந்தாள். "அண்ணே, போற வழியில என் வீட்டுக்காரரைப் பாத்தா, நான் இங்கேதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

"சொல்றேன் ஆத்தா. ஆளு எப்படி இருப்பாரு?"

"மண்ணு நிறத்துல இருப்பாரு."

"எந்த மண்ணு?"

"அவரு உக்காந்திருக்கிற மண்ணு."

ஓணான் தலையை ஆட்டிச் சிரித்தது. "நல்ல அடையாளம். ஆளு கிடைச்ச மாதிரிதான்."

"சிறகுல ஒரு வெள்ளைப் பொட்டு உண்டு. ஆனா பறந்தாத்தான் தெரியும்," என்றாள்.

அடைக்கலத்துக்கு மனசு கேட்கவில்லை. "அவரு அடையாளம் வேண்டாம், விடு. உன்னை ஒரு படம் எடுத்துக்கிறேன். வழியில இருக்கிற பக்கிகிட்ட எல்லாம் காட்டுறேன். எவன் முகம் மாறுதோ அவன்தான் உன் வீட்டுக்காரன். நீ கண்ணை மட்டும் மூடிடாதே."

"மூட மாட்டேன்," என்றாள்.

அவர் மண்டியிட்டுப் பெட்டியைச் சரி செய்து ஃபிளாஷை அமுக்கினார். எரியவில்லை. தட்டிப் பார்த்து மறுபடியும் அமுக்கினார். ம்ஹூம். காற்று புழுதியை வாரிக் கண்ணில் போட்டது. கொசு வந்து இமையோரம் உட்கார்ந்தது. கண்ணீர் வழிந்தது. மூடிவிட்டால் வீட்டுக்காரர் வரவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து, அதுவரை எரியாத வெளிச்சம் எல்லாம் ஒரேயடியாக எரிந்தது. மற்றவர்கள் மேல் பட்ட வெளிச்சம் மூடிய இமையில் மோதிக் கீழே விழுந்தது. அவளுக்கு நேரே உள்ளே போயிற்று. போனது வெளியே வரவில்லை. கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அடைக்கலம் படத்தை ஓடைத் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்து காட்டினார். செம்மண் தெரிந்தது, சருகு தெரிந்தது. நடுவில் கங்கு போல இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"இதுல நான் எங்கண்ணே?"

"இதுதான் ஆத்தா நீ. சருகோட சருகாப் போயிட்டே. கண்ணு மட்டும் நிக்குது. இன்னொன்னு எடுக்கலாம்னா ஃபிளாஷ் புகைஞ்சு போச்சு."

இந்தத் தடவை ஓணான் சிரிக்கவில்லை.

அவள் படத்தை வெகு நேரம் பார்த்தாள். "பரவாயில்லை, இதையே கொண்டு போங்க. பாத்தா அவருக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும். இது உன் வீட்டுக்காரி கண்ணு, சாலையில எரிஞ்சுக்கிட்டு இருக்கும், அதைப் பாத்து வந்து சேருன்னு சொல்லுங்க. மாத்திச் சொல்லிடாதீங்கண்ணே."

அடைக்கலம் கிழக்கே நடந்தார்.

மறுநாள் முதல் அவள் நடுச்சாலையில் உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் வண்டி விளக்கு தெரிந்தால், பதில் கொண்டு அடைக்கலம்தான் வருகிறார் என்று நினைத்து அதையே பார்ப்பாள். கங்கு போன்ற அந்தக் கண்ணை வீட்டுக்காரன் பார்க்கவில்லை. காட்டுப்பூனை பார்த்தது. ஒரு பகலில் பதுங்கி வந்து வால் இறகைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு சாயங்காலம் மாட்டுவண்டிச் சக்கரம் சிறகை உரசியது.

"அந்தக் கண்ணை மூடிக்கிட்டுப் புதருக்குள்ள போய்த் தொலையேன்," என்று ஓணான் திட்டியது. "நீ செத்துட்டா அவரு வந்து யாரைப் பாக்கிறது?"

"மூடிட்டா எதைப் பாத்து வருவாரு?"

ஆனாலும் ஓணான் சொன்னது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. உயிரோடும் இருக்க வேண்டும், சாலையையும் விடக்கூடாது. யோசித்து யோசித்துக் கடைசியில் அவளே ஒரு வழி செய்துகொண்டாள்.

அன்று முதல்தான் பக்கிகள் பகலெல்லாம் கண்ணைக் கீற்றாக இடுக்கிக்கொண்டு சருகுக்குள் கிடக்கின்றன. அந்தி சாய்ந்ததும் சாலைக்கு வந்து, எதிரே வரும் வெளிச்சத்தைக் கண் சிவக்கப் பார்க்கின்றன. வருவது யார் என்று தெரிந்த பிறகே, சக்கரம் தொடும் முன் எழுந்து, கொஞ்சம் தள்ளி அதே சாலையில் மறுபடியும் உட்கார்ந்துகொள்கின்றன.