சுதந்தரத்துக்கு எதுக்கு அச்சாரம்?

பேர் என்னவோ வேதமாணிக்கம். ஆனால் வேதத்தை அவர் கையில் எடுத்ததே பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான். அதுவரைக்கும் பஸ் கண்டக்டர். கல்யாணம், சாவு என்று யாராவது கூப்பிட்டால் கோயில் வாசலை மிதிப்பார், அவ்வளவுதான்.

இப்போது மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ ஆசிரமத்தில் இருக்கிறார். அங்கே குரு எப்சிபா. இவரைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் ஆசிரமத்தில் எல்லாரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படி, தலை நரைத்த பிறகு வேதமாணிக்கத்துக்கு ஓர் அக்கா கிடைத்தார்.

மாலை ஜெபத்தில் பைபிளிலிருந்து பாடம் வாசிப்பது வேதமாணிக்கத்தின் வேலை. ஊர் ஊராகப் பேர் சொல்லி ஆள் இறக்கிப் பழகிய தொண்டை. கடைசிப் பாயில் தூங்குகிறவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பாடத்தில் 'சுதந்தரம்' என்று வருகிற இடமெல்லாம் இவர் 'சுதந்திரம்' என்று கணீரென வாசிப்பார். தேவன் தம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் சுதந்திரம். வாசிக்கும்போதே முகம் மலர்ந்துவிடும். பெரியக்கா ஒருநாளும் திருத்தியதில்லை.

ஒரு வியாழக்கிழமை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"பெரியக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நேத்து வாசிச்ச பாடத்துல, பரிசுத்த ஆவி நம்ம சுதந்திரத்துக்கு அச்சாரம்னு வருது. வீடு வாங்கினா அச்சாரம் கொடுப்பாங்க. மாடு பிடிச்சா கொடுப்பாங்க. சுதந்திரத்துக்கு எதுக்கு அச்சாரம்?"

பெரியக்கா சிரித்துவிட்டார். "புத்தகத்தை எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

"இதுல 'தி' இல்லையே. அச்சுப்பிழையோ?"

"பிழை இல்ல. அது வேற சொல்லு. பழைய தமிழ். தகப்பன் சொத்துல பிள்ளைக்குச் சேருத உரிமை."

வேதமாணிக்கத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"சொத்தா?"

"சொத்துதான்."

"இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியைத் தூக்கியிருப்பீங்க."

அது உண்மைதான். சொத்து என்ற பேச்சே அவருக்கு ஆகாது. ஊரில் அப்பா விட்டுப்போனது ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டமும். அதற்காக அவரும் தம்பி ஞானசிகாமணியும் கோர்ட்டுக்குச் செருப்புத் தேய நடந்தார்கள். அதே கிணற்றில் அந்தத் தம்பிக்கு நீச்சல் பழக்கியவர் இவர்தான். அம்மா செத்தபோது சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள். முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு ஒன்றுமே வேண்டாம் என்றுதான் இவர் ஆசிரமத்துக்கு வந்தார்.

இப்போது என்னடா என்றால், ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வருகிறேன் என்று தம்பி ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தான். கிணற்றுக்காகத்தான் வருவான், வேறு எதற்கு வரப்போகிறான். அன்றைக்குக் காலை பஸ்ஸிலேயே டவுனுக்குப் போய்விடுவது என்று இவர் முடிவு செய்துவைத்திருந்தார்.

"அப்போ தேவனும் சொத்தைத்தான் காட்டுதாரா?" அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"பிள்ளையாச் சேர்த்துக்கிட்டா பங்கு உண்டுல்லா?"

"என் பங்கு எவ்வளவு?"

"முழுசும்."

"உங்களுக்கு?"

"எனக்கும் முழுசும்."

"அடுப்படியில நிக்கானே ஆரோன், அவனுக்கு?"

"அவனுக்கும்தான்."

"கணக்கு இடிக்குதே."

"இடிக்கும்."

"காலமெல்லாம் டிக்கெட் கிழிச்சவன் நான். ஒரு சீட்டை ரெண்டு பேருக்குக் கொடுத்தா அடிதடிதான். அப்படி ஒரு சொத்து உலகத்துல உண்டா?"

"ஞாயித்துக்கிழமை ஆராதனையில பாருங்க."

"ஞாயித்துக்கிழமை நான் டவுனுக்குப் போறேன்."

"சரி. போயிட்டு வாங்க."

இப்படிச் சொன்னால் மனுஷன் எப்படிப் போவான்? சனிக்கிழமை முழுக்க முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். எனக்கும் முழுசும், அவனுக்கும் முழுசும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் அதே நினைப்பு. வாய்க்கால் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு கேட் வரை போனார். பஸ் வந்து நின்றது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு கண்டக்டர் இவரையே பார்த்தான். இவர் கையை ஆட்டி அனுப்பிவிட்டார். தம்பி முகத்தைப் பார்க்கப் பயம்தான். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் பஸ் ஏற மனசு வரவில்லை.

ஆராதனைக்குக் கொஞ்சம் பிந்திப் போனார். பாயில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் கடைசியாக இருப்பது யார் என்று பார்த்தார். ஞானசிகாமணி. தலை முழுக்க நரைத்திருந்தது.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் முடியும்போது பெரியக்கா முதல் ஆளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, "தேவசமாதானம்" என்பார். வாங்கினவர் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் அடுத்தவருக்கு. இப்படியே கடைசி ஆள்வரை போகும். வேதமாணிக்கம் எப்போதும் கடைசியில்தான் உட்காருவார். வாங்குவதோடு சரி, கொடுக்கிற வேலை கிடையாது. இன்றைக்கு அந்த இடத்தில் தம்பி இருந்தான்.

ஆரோன் அவர் கையைப் பிடித்து, "தேவசமாதானம் அண்ணாச்சி," என்றான்.

வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெரியக்கா கண்ணை மூடியபடியே இருந்தார். அவசரப்படுத்தவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தார். தம்பி கையை நீட்டவே இல்லை. மடியில் வைத்துக் குனிந்திருந்தான். எப்படியும் கிடைக்காது என்று தெரிந்துதான் அப்படி இருந்தான். அதைப் பார்த்ததும் இவருக்குத் தாங்கவில்லை. திரும்பி அந்தக் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கிணற்றுக்குள் முதல்முதலாக இறக்கியபோது விடாமல் பிடித்திருந்த கை அது.

"ஏலே சிகாமணி," என்றார். அதற்குப் பிறகுதான், "தேவசமாதானம்."

ஞானசிகாமணி அழுதுவிட்டான்.

ஆராதனை முடிந்து குழாயில் கை கழுவும்போது தம்பி சொன்னான்.

"அண்ணே, கிணத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன். எப்படி ஆரம்பிக்கணும்னு பஸ்ஸுல மனப்பாடம் பண்ணிட்டே வந்தேன். இப்போ ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல."

"ஞாபகம் வரும்போது பேசுவோம். முதல்ல சாப்பிடு."

அவனைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, இலைக்குச் சோறு எடுத்துக்கொண்டிருந்த பெரியக்காவிடம் வந்தார்.

"பெரியக்கா, ஆரோன் கொடுத்தப்போ எனக்கு ஒண்ணுமே தெரியல. தம்பி கையில கொடுத்த பிறகுதான் எனக்கே வந்துது. கொடுத்தா குறையணும்லா?"

பெரியக்கா சோற்றை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு கொள்ளல பெரியக்கா. இதுதானா அந்தச் சொத்து?"

"இல்ல," என்று சொல்லிப் பெரியக்கா சோற்றுப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தார். "இது அச்சாரம்."