முதலாளியின் மூக்கு

"போன்ல அந்தப் பட்டனைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பஸ்ஸே போயிடும்" என்று ஒரு பயணி அலுத்துக்கொண்டது என் காதில் விழுந்தது. எங்கள் பேருந்து நிறுவன இணையதளத்தின் டிக்கெட் பக்கத்தைச் சின்னத் திரைக்கும் பொருந்தும்படி மாற்றினேன். பக்கத்தின் உச்சியில் இருந்த தன் படம் சிறுத்துப்போனதை முதலாளி துரைக்கண்ணு ஒப்புக்கொள்ளவில்லை.

"என் கம்ப்யூட்டர்ல என் படம் எவ்வளவு பெருசோ, போன்லயும் அவ்வளவு இருக்கணும். குறைஞ்சா உனக்கு வேலை இல்லம்மா."

அன்று என்னைக் காப்பாற்றியவள் பயிற்சிக்கு வந்திருந்த செண்பகவல்லி. "சரிங்க சார்" என்று படத்தை அதே அளவில் போனில் ஏற்றி நீட்டினாள்.

திரை முழுக்க அவர் மூக்கு.

"மீதி எங்கம்மா?"

"பக்கத்துல இன்னும் பத்து போன் வெச்சா முழுசா வந்துடுவீங்க சார். பயணிகிட்ட ஒண்ணுதான் இருக்கு."

துரைக்கண்ணு போனை வாங்கி, நான் மாற்றிய பக்கத்தைத் திறந்து, தனக்கு ஒரு டிக்கெட் போட்டார்.